தரையில் நிற்கும் கம்பம்

சாம்பல்தீவிலேயே மின்கம்பம் ஏறத் தெரிந்த ஒரே ஆள் என் அண்ணாதான் என்று நான் பள்ளிக்கூடத்தில் அடித்துச் சொல்லிவந்தேன். அவன் அதுவரை ஒரு கம்பத்தையும் தொட்டதில்லை என்பது வேறு கதை. சம்பளத்தோடு மின்கம்பி வேலை பழக ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து வீட்டு வளவுத் தென்னையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். கடலுக்குப் போகமாட்டேன் என்றவனுக்கு வேறு வழியும் தெரியவில்லை.

அம்மாவுக்கும் சந்தோஷம்தான். அப்பாவின் வள்ளம் வரும்வரை கரையில் நின்று நின்று அலுத்தவள். "பிள்ளையாவது தரையில நிண்டு உழைக்கட்டும்" என்றாள். ஆனாலும் கரண்ட் பொல்லாதது என்று, ஆள் எடுக்கும் தேர்வன்று விடிய, கோயிலில் மந்திரித்த செப்புத் தாயத்தை அவன் மணிக்கட்டில் இறுக்கிக் கட்டினாள். "இதக் கழட்டினா நீ ஏறக் கூடாது. சொல்லிப்போட்டன்."

திருகோணமலைப் பயிற்சி மைதானத்தில் அம்மாவும் நானும் வேலிக்கு வெளியே நின்றோம். பயிற்றுநர் உரத்துச் சொன்னார்: "தம்பிமார், உடம்பில உலோகம் ஒண்டும் இருக்கக் கூடாது. மோதிரம், சங்கிலி, தாயத்து, எல்லாத்தையும் கழட்டுங்கோ. கரண்ட் அதிலதான் முதல் பாயும்."

அண்ணா அசையவில்லை. அம்மாவையே பார்த்தான். அவன் முறையும் வந்துவிட்டது. "கழட்ட ஏலாதெண்டா வீட்ட போகலாம், தம்பி" என்றார் பயிற்றுநர். ஐயோ, போச்சு, நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன சொல்லுவேன் என்று எனக்கு அழுகை முட்டியது.

அம்மா வேலியோடு ஒட்டிப் போய், "கையக் கொண்டா" என்றாள். அவள் போட்ட முடிச்சு அவளுக்கே அவிழவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்து, தாயத்தைத் தன் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

"ஏறு" என்றாள்.

ஏறினான் பாருங்கள்! தென்னை கண்ட கால்களுக்குக் கம்பம் எம்மாத்திரம்? உச்சியில் இடுப்புப் பட்டியை மாட்டி, இரண்டு கையையும் விட்டுக் காட்டினான். நான் துள்ளிக் குதித்தேன். அம்மா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நின்றாள். இவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்து நல்ல காட்சியைத் தவறவிட்டாளே என்று எனக்குக் கோபம்.

வேலை கிடைத்தது. மாரிக் காற்றில் கரண்ட் போய்த் தெரு இருண்டு, மறுபடி வெளிச்சம் வரும்போதெல்லாம், "எங்கட அண்ணா போட்ட கரண்ட்!" என்று கத்துவேன். அயலெல்லாம் சிரிக்கும். அம்மா மட்டும் படலையில் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருப்பாள், கைக்குள் அந்தத் தாயத்தோடு.

"வாங்கோ அம்மா, லைற் வந்திட்டுது" என்று இழுப்பேன்.

"ஓம், லைற் வந்திட்டுது" என்பாள். நகரமாட்டாள்.

கம்பம் தரையில்தானே நிற்கிறது, கடலிலா நிற்கிறது? பிறகேன் அம்மா வள்ளத்துக்குக் காத்து நிற்பதுபோல் நிற்கிறாள் என்று அந்த வயதில் எனக்கு விளங்கவேயில்லை.