அப்பா அடித்த சல்யூட்

அப்பா முன்னாள் ராணுவம். சர்வீஸில் அடிபட்ட முழங்காலுக்கு அரசு மருத்துவமனையில் ஆபரேஷன் செய்தார்கள். புண் சீழ் வைத்துவிட்டது. அதிலிருந்து இரண்டு பேர் தூக்கிவிட்டால்தான் எழுந்திருப்பார். ராணுவத்திடம் இழப்பீடு கேட்டிருந்தோம். இன்று மெடிக்கல் போர்டுக்கு வரச்சொன்னார்கள்.

லாஸ்பேட்டையிலிருந்து ஆட்டோவில் போகும்போதே படித்துப் படித்துச் சொன்னேன்.

"கால் எப்படி இருக்குன்னு கேட்டா, வழக்கம்போல 'ஃபைன் சார்'னு சொல்லித் தொலைக்காதப்பா. வலிக்குதுன்னு சொல்லு."

"சொல்றேன், சொல்றேன்."

போர்டு அறையில் பேச்சு அதுவரைக்கும் போகவே இல்லை. கதவு திறந்தது. உள்ளே வந்த டாக்டர் யூனிஃபார்மில் இருந்தார். கர்னல்.

அப்பா ஸ்பிரிங் மாதிரி எழுந்து, விறைப்பாக நின்று, ஒரு சல்யூட் அடித்தார்.

கர்னலுக்கு ஒரே சந்தோஷம். பதில் சல்யூட் வைத்துவிட்டு, 'எதையும் பிடிக்காமல் தானாக நிற்கிறார்' என்று எழுதச் சொன்னார்.

"சார், அவரால இப்ப உக்கார முடியாது சார்!" என்று நான் கத்தினேன். உண்மைதான். அப்பா நின்றது நின்றபடியே இருந்தார், முகமெல்லாம் வியர்வை.

எழுதிக்கொண்டிருந்த கிளார்க் நிமிர்ந்து பார்த்தார். "நிக்கிறதுதாம்மா டெஸ்ட்டு. உக்கார்றது கெடையாது."

திரும்பும்போது கேட்டேன், "ஏம்பா இப்படிப் பண்ண?"

"கர்னல் வராரு, ஒக்காந்துனு இருக்கச் சொல்றியா?"

அப்பீல் செய்யலாமாம். அந்த போர்டுக்குத் தலைவர் கர்னலுக்கும் மேலே, பிரிகேடியராம்.

அப்பாவை நாற்காலியோடு கட்டாமல் கூட்டிப்போக யாருக்காவது வழி தெரிந்தால் சொல்லுங்கள். சீக்கிரம். ஷூவுக்கு இப்போதே பாலிஷ் போட்டுக்கொண்டிருக்கிறார்.