சந்தன மணத்தில் மறைந்த ஆபத்து

பள்ளி விடுமுறைக்குக் கேமரன் மலை போக, அடுப்பும் படுக்கையும் உள்ள கேம்பர் வேனை வாடகைக்கு எடுத்தோம். எங்கள் ஊர் சுங்கை பினாங்கிலிருந்து கிளம்பும்போது உள்ளேயே சாமி படம் வைத்து ஊதுபத்தி ஏற்றினேன். அது அணைந்த பிறகும் வழியெல்லாம் சந்தன மணம்தான்.

நிபோங் திபாலில் அக்கா வீட்டு வாசலில் நிறுத்தினோம். தேநீர் போட மனைவி லைட்டரை எடுத்தார். வேன் கதவைத் திறந்த அக்கா அலறினார்.

"ஐயோ, கேஸ் நாத்தம் அடிக்குதுலா! பத்த வைக்காதே!"

எங்களுக்குச் சந்தனம் மட்டுமே தெரிந்தது. பார்த்தால், வழியில் எங்கோ அடுப்பின் கேஸ் குழாய் கழன்றிருந்தது.

மலைப் பயணத்தைக் கைவிட்டோம். சிலிண்டரை மூடி இறக்கிவிட்டு, அக்கா வீட்டுச் சாப்பாடு, வேனில் தூக்கம் என்று விடுமுறை கழிந்தது.

இப்போதும் வேன் வாடகைக்கு எடுத்தால் கும்பிட்டுத்தான் கிளம்புகிறேன். ஊதுபத்தி மட்டும் வெளியே. வேனுக்குள் நல்ல மணமே வேண்டாம், நாறினால் தெரியட்டும்.