மச்சத்துக்கு ஓர் அடுப்பு, சைவத்துக்கு ஓர் அடுப்பு

கோழியைக்கூடக் கடைக்காரனைக்கொண்டே வெட்டுவிக்கிற என் கணவருக்கு, தொண்ணூறுகளின் நடுவில், கனடாவில், ஸ்காபரோவில் இருந்துகொண்டு மான் வேட்டை ஆசை பிடித்தது. தொழிற்சாலையில் கூட வேலை செய்த வெள்ளைக்காரர்கள் ஏற்றிவிட்டது. துவக்கு, லைசென்ஸ் எல்லாம் எடுத்தாயிற்று. காட்டில் தங்க ஒரு ட்ரெய்லர் வேண்டுமாம். சமைக்க நானும் வரவேண்டுமாம்.

ஸ்ரௌவ்வில் பக்கம் பழைய ட்ரெய்லர் விற்கிற இடத்துக்குப் போனோம். விற்பவன் ஹீட்டரைக் காட்டினான், டயரைக் காட்டினான். இவர் கட்டிலில் ஏறிப் படுத்தே பார்த்துவிட்டார். நான் அடுப்பைத்தான் பார்த்தேன்.

"மானிறைச்சி காய்ச்சின அடுப்பிலை நான் சைவம் சமைக்கமாட்டன்."

"உது வீடில்லையப்பா, ட்ரெய்லர்."

"ஏன், ட்ரெய்லருக்கு வெள்ளிக்கிழமை வராதோ?"

கடைசியில் உள்ளே ஓர் அடுப்பும் வெளிச்சுவரில் இன்னோர் அடுப்புமாக ஒன்று அகப்பட்டது. இரண்டு எதற்கு என்று விற்பவன் கேட்டான். "ரிலிஜன்" என்று இவர் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

நவம்பரில் வேட்டை தொடங்கிய அதே கிழமை கந்தசஷ்டியும் தொடங்கியது. அதை இரண்டு பேருமே யோசிக்கவில்லை. எடுத்த லீவை மாற்ற முடியாது. சின்ன வயதிலிருந்து பிடித்துவந்த விரதத்தை விடவும் இவருக்குப் பயம். காட்டுக்குள் துவக்கைச் சாத்திவைத்துவிட்டு, உள்ளடுப்பில் நான் காய்ச்சிய பாலைக் குடித்துக்கொண்டிருந்தார். மான்கள் பக்கத்தில் வந்து மேய்ந்தன.

வெறும் வேலோடு போன முருகன் ஆறாம் நாள் சூரனையே முடித்துவிட்டார். துவக்கோடு போன என்னுடைய ஆள், வெளியடுப்பில் ஒரு நெருப்புக்குச்சிகூடக் கிழிக்காமல் வீடு திரும்பினார்.