என் ஜெபக்குறிப்பு

எனக்கு ஓட்டை வாய். எங்கள் கம்பெனி குவார்ட்டர்ஸ் பிளாக்கில் அது எல்லோருக்கும் தெரியும். போன வருடம் வீட்டு ஜெபக்கூட்டத்தில், "அந்தத் தம்பி குடிய விடணும், ஜெபிங்க" என்று ஒரு குடும்பத்து ரகசியத்தை ஜெபக்குறிப்பாகச் சொல்லிவிட்டேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன், ஆண்டவருக்குத் தெரியும். மறுநாளே அந்தப் பேச்சு ஷிப்ட் பஸ் வரை போய்விட்டது. அந்தக் குடும்பம் அதன்பிறகு கூட்டத்துக்கே வரவில்லை.

அப்படிப்பட்ட என்னிடம்தான் பக்கத்து குவார்ட்டர்ஸ் அக்கா மாட்டிக்கொண்டார். புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு அவர் மகள் வந்து பத்து நாள். நடுவே ஒரே சுவர். அழுகை எனக்குக் கேட்டுவிட்டது.

"சனிக்கிழம வந்து கூட்டிகினு போறேன்னு மாப்ள சொல்லியிருக்காரு. சண்டைன்னு அவரு சொந்தக்காரங்களுக்குத் தெரிஞ்சா வீம்புக்கு வரமாட்டாரு. யார்கிட்டயும் சொல்லிடாதம்மா" என்றார்.

புதன்கிழமைக் கூட்டம் என் வீட்டில். அக்கா கதவோரமாக உட்கார்ந்திருந்தார். எனக்கு எதிரே மாப்பிள்ளையின் சித்தி! அவரும் எங்கள் பிளாக்தான். பாஸ்டரம்மா ஒவ்வொருவரிடமும் எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று குறிப்பு கேட்டுக்கொண்டே வந்தார். என் முறை நெருங்கியது. நாக்கு துறுதுறுத்தது. பெயர் சொல்லாமல், 'ஒரு பிரிந்த குடும்பத்துக்காக' என்று மட்டும் சொன்னால் என்ன? அடிப்பாவி, அந்தப் பெண் வந்திருப்பதைத்தான் பிளாக்கே பார்த்திருக்கிறதே!

"உங்களுக்கு என்ன சிஸ்டர்?"

"என் வாய்க்காக ஜெபிங்க" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

சித்தி லேசில் விடவில்லை. டீ கொடுக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க மருமவ பத்து நாளா இங்கியே கீதே, என்னா விசயம்?"

எனக்குப் பொய் சொல்ல வராது. உண்மையைச் சொல்லவும் கூடாது. "அம்மா வூட்டுக்கு வந்த பொண்ண ஏன் வந்தன்னா கேப்பாங்க? டீ ஆறுதுங்க, குடிங்க" என்றேன். அவர் முகம் சுண்டிப்போனது. நான் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்தவரிடம் நகர்ந்தேன்.

சனிக்கிழமை மாப்பிள்ளை வந்தார். பெண்ணை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டு அக்கா நேராக என் வீட்டுக்கு வந்தார். நன்றி சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"அன்னிக்கி நான் ஏன் கதவாண்ட ஒக்காந்தேன் தெரியுமா? எப்டியும் நீ சொல்லிடுவ, ஒடனே எழுந்து ஓடிடலாம்னுதான்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "சாப்பிட்டீங்களாக்கா?" என்று மட்டும் கேட்டேன்.