அருளப்பன் ஐயா நடக்காமல் இருந்த பதினாறு நாட்கள்

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை கார்டு வந்தது. முனையில் கறுப்பு மை தடவியிருந்ததால் தபால்காரர் அதை என் கையில் கொடுக்கவில்லை. வாசற்படியில் வைத்துவிட்டு, வெளியிலேயே படித்துக்கொள்ளச் சொல்லிப் போய்விட்டார். ராயபுரத்தில் முப்பது வருஷம் தபால் கொடுத்த அருளப்பன் ஐயா, டோல்கேட்டில் மகள் பிலோமினாவின் வீட்டில் காலமாகிவிட்டார் என்று எழுதியிருந்தது.

திருவொற்றியூரிலிருந்து நான் போய்ச் சேர்ந்தபோது, அவரோடு ஒரே ஆபீசில் பை சுமந்த நீங்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள். உங்களில் ஒருவர் சொன்னார்: "அம்மைக்குப் பயந்து மனுசனுக்கு மூள கலங்கிப்பூட்ச்சு. இல்லாங்காட்டி மலையாட்டம் கீற ஆளு." மற்றவர்கள் தலையாட்டினீர்கள். நானும் அங்கேதான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. அவர் எதற்கும் பயந்தவர் இல்லை. நடந்தது என்ன என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். அன்று சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

ராயபுரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் மாடி அறையில் அவர் தனியாக இருந்தார். பென்ஷன் வாங்கி ஆறு வருஷமாகியும் விடியற்காலையில் எழுந்து, பையில்லாமல், தபால் கொடுத்த தெருக்களை, தன் பழைய பீட்டை, முழுதாக நடந்துவிட்டு வருவார். கல்மண்டபத்தில் தொடங்கிப் பனைமரத்தொட்டி வரைக்கும் ஒரு தெரு விடமாட்டார். யாராவது கேட்டால் செருப்புக்கு வேலை கொடுப்பதாகச் சொல்வார். ராத்திரி எட்டரைக்குப் படுத்தால் அவர் குறட்டை எங்கள் வீடு வரைக்கும் கேட்கும். மேலே அவர் தூங்குவதும் கீழே நான் என் கைக்குழந்தையின் மார்பில் கை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பதும் வழக்கம். ஒரு நாள் என் கண்ணைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: "பி.ஏ. படிச்சிகீறியே, இது தெர்லியா? கால் வேல செஞ்சாதான்மா கண்ணு மூடும். நீ குந்திகினே கீற."

நாலு வருஷத்துக்கு முன்னால் என் மகளுக்கு அம்மை கண்டது. அவளுக்கு அப்போது ஒரு வயது. என் கணவர் மாற்றலாகி விசாகப்பட்டினத்தில் இருந்தார். வாசலில் வேப்பிலை செருகினேன். சுகாதார ஆட்கள் வந்து சுண்ணாம்பு தெளித்து, மூன்று வாரத்துக்கு இந்த வீட்டிலிருந்து யாரும் தெருவில் இறங்கக் கூடாது என்று சொல்லிப் போனார்கள். மாடிப்படி எங்கள் கூடத்துக்குள்தான் இறங்குகிறது. என் குழந்தைக்கு வந்ததற்காக அவரும் அடைபட்டார். அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பிலோமினா தினமும் டோல்கேட்டிலிருந்து வந்து, அவருக்கும் எனக்கும் சாப்பாட்டை வாசற்படியில் வைத்துவிட்டுப் போவாள்.

மறுநாள் விடிகாலையிலேயே மேலே காலடிச் சத்தம் தொடங்கியது. மாடிக்குப் பலகைத் தளம். எட்டு அடி, நிறுத்தம். ஐந்து அடி, நிறுத்தம். மறுபடி எட்டு அடி. நடை கூட இல்லை, அந்த நிறுத்தங்கள்தான் என்னைப் பிடுங்கின. அடுத்த அடி எப்போது விழும் என்று மூச்சைப் பிடித்துக் காத்திருப்பேன். படியடியில் நின்று என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"பீட்டு போறேம்மா. ஒவ்வொரு வூட்டாண்டயும் நின்னு குடுத்துட்டுத்தானே போவணும்."

அப்படியானால் ஒரு இடத்தில் மட்டும் ஏன் அவ்வளவு நேரம் நிற்கிறீர்கள் என்றேன்.

"அது செட்டியார் வூடு. அங்க நாய் கீது. யாராச்சும் வந்து கட்ட வாணாவா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. குழந்தைக்கு அம்மை கண்ட பிறகு நான் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

ஐந்தாம் நாள் முத்துக்கள் முகமெல்லாம் நிறைந்து குழந்தை அழக்கூடச் சக்தியில்லாமல் முனகினாள். மூன்று நாளாக அவளும் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை. வாழையிலையில் கிடத்தி வேப்பிலையால் வீசிக்கொண்டிருந்தேன். அவள் கண் மெல்லச் சொருகியது. மேலே எட்டு அடி விழுந்தது. பலகை இடுக்கிலிருந்து தூசி அவள் மேல் உதிர்ந்தது. விழித்துக்கொண்டாள். நான் படியடிக்கு ஓடிப்போய்க் கத்தினேன்: "கொஞ்சம் நடக்காமல் இருக்கக் கூடாதா? யாருக்குக் கடிதம் கொடுக்கிறீர்கள்? ஒருத்தரும் இல்லையே அங்கே."

மேலே அவர் கட்டிலில் உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு, "சரிம்மா" என்றார்.

அதன் பிறகு ஓர் அடி கூட விழவில்லை. குழந்தை தூங்கினாள். நானும் அவள் பக்கத்தில் தரையில் விழுந்து தூங்கினேன். அன்றைக்கு எனக்கு இருந்த நிம்மதியை மறைத்தால் இதை எழுதுவதில் பயனில்லை. சந்தோஷமாக இருந்தேன்.

முதலில் குறட்டை நின்றது. பிறகு பகலில் எந்நேரமும் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். இரவில் கட்டில் கிரீச்சிடுவது மட்டும் விடியும் வரை கேட்டது. பாதிச் சாப்பாடு திரும்பி வந்தது. இன்று என்ன கிழமை என்று காலையில் கேட்டதையே மாலையிலும் கேட்டார். கேட்பதும் மெதுவான குரலில்தான். வயதானவர், அடைந்து கிடக்கிற அலுப்பு என்று நினைத்தேன். எனக்குக் குழந்தையின் மூச்சைத் தவிர வேறு எதுவும் காதில் ஏறவில்லை.

ஒரு பகல், படியின் உச்சியில் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். என்னைத் தாண்டிக் கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கி வந்து கொஞ்சம் உட்காருங்கள் என்று கூப்பிட்டேன்.

"எப்புடிம்மா வர்றது? கீய எல்லாரும் நின்னுகினு கீறாங்களே. பனைமரத்தொட்டில பாதி வூட்டுக்குக் குடுக்கவே இல்ல. வெறுங்கையா எப்புடி எறங்குவேன்?"

கூடத்தில் நானும் என் இடுப்பில் குழந்தையும் தவிர யாருமில்லை. ஆனாலும் நான் திரும்பிப் பார்த்தேன். இப்போது இருக்கும் வீட்டிலும் சில சமயம் கூடத்துக்குள் நுழையும்போது அப்படிப் பார்க்கிறேன்.

அப்போதாவது நடங்கள் என்று சொல்லியிருக்கலாம். குழந்தைக்கு அம்மை இறங்குமுகமாக இருந்தது. இன்னும் இரண்டு மூன்று நாள் தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

குழந்தைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி வேப்பிலையை எடுத்த அன்று, நானே மேலே போய் அவர் கையைப் பிடித்து வாசலுக்கு அழைத்து வந்தேன். தெருவில் இறங்கினார். இரண்டு வீடு போனார். மூன்றாவது எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றுவிட்டார். முப்பது வருஷம் நடந்த தெரு. அந்த வாரமே பிலோமினா வந்து அவரை டோல்கேட்டுக்கு அழைத்துப் போனாள்.

போன வருஷம் ஒரு முறை அங்கே போயிருந்தேன். கூடத்தில் அவர் நடந்துகொண்டிருந்தார். எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. பிறகுதான் காலைப் பார்த்தேன். இரண்டு குதிகாலும் தரையில் படவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்தார்.

"பாத்தியாம்மா, பூனையாட்டம்" என்றாள் பிலோமினா. "எப்பவும் இப்புடித்தான். நாம சத்தமா பேசினா உஷ்ங்கறாரு. இந்த வூட்ல கொயந்தையே கெடையாது, யாருக்குத்தான் பயப்படறாரோ. இன்னா பேஜாரோ போ."

அவர் என்னை அடையாளம் கண்டாரா என்று தெரியாது. அருகில் வந்து என் தோளைப் பார்த்தார். அங்கே ஒரு குழந்தை சாய்ந்திருப்பதுபோலக் குரலைத் தாழ்த்தி, "தூங்கிச்சா?" என்றார்.

தூங்கிவிட்டாள் என்று சொன்னேன். பிலோமினாவிடம் எதுவும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன்.

அதனால் நீங்கள் சொன்னது சரியில்லை. அம்மையைக் கண்டு அவர் பயப்படவில்லை. என்னிடம் சரி என்று சொன்னார். சொன்ன சொல்லை நாலு வருஷம் காப்பாற்றினார். இதைப் பிலோமினாவுக்கும் படித்துக் காட்டுங்கள். என்னைப் பற்றி அவள் என்ன நினைத்தாலும் சரி, தன் நைனாவைப் பைத்தியம் என்று நினைக்காமல் இருந்தால் போதும்.

என் மகளுக்கு ஐந்து வயதாகிறது. முகத்தில் இரண்டு வடு தவிரக் குறையில்லை. அந்தப் பதினாறு நாளும் அவள் தூங்கித் தேறினாள், பக்கத்தில் நானும் தூங்கினேன். நாங்கள் தூங்கியது அவருடைய தூக்கம். அவருடையது என்று என்னிடம் இருப்பது அதுதான்.