ஆறு மாதம் என்று வாசித்தேன்

என் அப்பா தோணித் தண்டல். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் பாய்த்தோணி ஒன்றுக்கு அவர்தான் தலைவர். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தோணி ஓடாது. ஜூனிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை அப்பா கரையில் இருப்பார். வீட்டில் முடிவு செய்யவேண்டியது எதுவானாலும் அந்த மூன்று மாதத்துக்காகக் காத்துக்கிடக்கும். கல்யாணப் பேச்சு, ஓடு மாற்றுவது, யாரை எங்கே படிக்க அனுப்புவது, எல்லாம்தான்.

எழுபதுகளின் நடுவில், அப்படி ஒரு ஜூன் மாதத்தின் முதல் வாரத்தில், அண்ணன் இரண்டு பிராஸ்பெக்டஸ்களைக் கொண்டுவந்து அப்பா முன்னால் வைத்தான். அவன் பி.காம். முடித்துவிட்டுப் புதுத் துறைமுகத்தில் டேலி கிளார்க்காக இருந்தான். கப்பலில் ஏறும் மூட்டைகளைக் குறித்துக்கொள்கிற வேலை. அவனுக்கு வடக்கே போய் மேனேஜ்மென்ட் படிக்க ஆசை. அதற்கு டிசம்பரில் ஒரு நுழைவுத் தேர்வு. தேர்வுக்குத் தயாராக இரண்டு வழி இருந்தது. ஒன்று, மெட்ராஸில் தங்கி நேரடி வகுப்பு. இன்னொன்று, பம்பாயிலிருந்து தபாலில் வரும் பாடம். காசு ஒரு பிரச்சினை இல்லை, அந்த வருஷம் தோணி நன்றாக ஓடியிருந்தது. அண்ணனுக்கு மெட்ராஸ்தான் வேண்டும். அது எனக்கும் தெரியும்.

அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அண்ணன் விளக்க வாயெடுத்தபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

“நீ உனக்குத் தோதாத்தான் சொல்லுவ. ஏளா, நீ வாசி. நீ பொய் சொல்ல மாட்ட” என்று பிராஸ்பெக்டஸை என் பக்கம் தள்ளினார்.

நான் அவன் தங்கை, கல்லூரியில் கடைசி வருஷம், கணக்குப் பாடம். மெட்ராஸ் வகுப்பு மூன்று மாதம், ஆகஸ்ட் கடைசியில் முடிந்துவிடும் என்று தெளிவாக அச்சடித்திருந்தது. சனிக்கிழமைதோறும் கடிகாரம் வைத்துப் பரீட்சை நடத்துவார்கள் என்றும் இருந்தது. நான் நாக்குக் கூசாமல் ஆறு மாதம் என்று வாசித்தேன்.

எங்கள் தெருவில் தோணிக்காரர் வீடுகளில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. தண்டல் கடலில் இருக்கும்போது வீட்டில் வயது வந்த ஆண் ஒருவன் இருந்தாக வேண்டும். தோணியைப் பற்றி நல்லதோ கெட்டதோ சேதி வந்தால் முதலாளி வீட்டுக்கும் துறைமுகத்துக்கும் ஓட ஆள் வேண்டும் அல்லவா? எங்கள் வீட்டில் அண்ணனை விட்டால் அம்மாவும் நானும்தான்.

“ஆறு மாசமா? அப்போ நவம்பரு ஆயிருமே” என்றார் அப்பா. “நான் கடல்ல கிடக்கையில வீட்டுல ஆம்பள இல்லாம எப்படி? வேண்டாம்லே. தபால்லயே படி. இடம் கெடச்சா மத்தத அப்போ பாப்போம்.”

அண்ணன் என்னை ஒருமுறை பார்த்தான். பிராஸ்பெக்டஸை எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான்.

ஏன் செய்தேன் என்று கேட்டால், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். தபாலில் வந்தால் பாடம் வீட்டுக்கு வரும், நானும் படிக்கலாம். எனக்கும் படிக்க ஆசை இருக்கிறது என்று அப்பாவிடம் கேட்கத் துணிச்சல் இல்லை. அண்ணனுடையதைத் தட்டிப் பறிக்க மட்டும் துணிச்சல் இருந்தது.

பாடங்கள் வந்தன. அண்ணன் சாயங்காலம் உப்புப் படிந்த செருப்போடு வருவான், சாப்பிட்டுவிட்டு என்னோடு உட்காருவான். என்னைவிட அவனுக்குத்தான் மூளை. ஆனால் ஒரு கணக்கைப் பிடித்தால் விடமாட்டான்.

“நேரமாவுதுண்ணே, அடுத்ததுக்குப் போ.”

“இரு ஏளா. இது எப்படி வருதுன்னு பாத்துட்டு வாரேன்.”

அந்தத் தேர்வோ ஓட்டப்பந்தயம். தெரியாததை விட்டுவிட்டு ஓடவேண்டும். அதைப் பழக்கத்தான் மெட்ராஸில் கடிகாரம் வைத்துப் பரீட்சை நடத்தினார்கள். தபால் பாடத்தில் யார் கடிகாரம் வைப்பார்கள்?

விண்ணப்பம் வாங்கப் போனவன் இரண்டு வாங்கி வந்தான். “உனக்கும் சேத்துத்தான்” என்றான். மதுரையில் ஒரே ஹாலில் எழுதினோம். வெளியே வந்தபோது அவன் முகத்தில் ஈயாடவில்லை. மூன்றில் ஒரு பங்கு கேள்விகளை அவன் தொடவே இல்லை. எனக்கு இடம் கிடைத்தது. அவனுக்கு இன்டர்வியூ கடிதம்கூட வரவில்லை.

பொட்டப்பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புவதா என்று அப்பா குதித்தார். அண்ணன்தான் பேசினான்.

“அவ போனா என்னப்பா? நான்தான் இங்கன இருக்கேனே.”

 “ஆமா, நீ இருக்கேல்லா” என்றார் அப்பா. அவனைக் கட்டிப்போட்ட அதே சட்டம் என்னை அவிழ்த்து விட்டது.

ரயிலடிக்கு அண்ணன் மட்டும் வந்தான். பெட்டியை ஏற்றி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் வந்து நின்றான்.

“மூணு மாசம்னுதான்ளா போட்டிருந்துச்சு. நானும் வாசிச்சேன்.”

 “அப்பவே சொல்லியிருக்கலாம்லாண்ணே” என்றேன்.

“சொல்லியிருந்தா அப்பா உன்ன அதுக்கப்புறம் எதுக்கும் நம்ப மாட்டாரு. தபால்னா ரெண்டு பேரும் படிக்கலாம், ரெண்டு பேரும் போயிரலாம்னு நெனச்சேன்.” சிரிக்கப் பார்த்தான். “தண்ணி பாட்டில எடுத்துக்கிட்டியா?”

ரயில் நகர்ந்தது. மன்னிப்புக் கேட்க எனக்கு அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் இருந்தது. ஊருக்கு வரும்போதெல்லாம் கேட்கவேண்டும் என்று நினைப்பேன். அவன் மீன் வாங்கப் போவான், என் பிள்ளைகளைத் துறைமுகத்துக்குக் கூட்டிப்போவான், பேச்சு வேறெங்கோ போய்விடும். கேட்காமலே இருந்துவிட்டேன்.

அவன் அடக்கத்தன்று அவனோடு துறைமுகத்தில் வேலைபார்த்த பெரியவர் ஒருவர் என்னிடம் வந்தார்.

“நீங்கதான் தங்கச்சியா? ‘எனக்கு மண்டையில ஏறலண்ணாச்சி, எந்தங்கச்சிக்குத்தான் படிப்பு வந்துச்சு’ன்னு எப்பவும் சொல்லுவான்.”

அது பொய் என்று சொல்ல வாயெடுத்தேன். சுற்றிலும் உறவுக்காரர்கள் நின்றார்கள். ஆமாம் என்று தலையாட்டினேன்.