முட்டுச் சந்தும் ஒரு கிலோ கேக்கும்

கேக் டெலிவரிக்கு ஸ்கூட்டி ஓட்டத் தெரிந்தால் போதும் என்று எனக்குச் சொன்ன ஆளை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். பிளஸ் டூவோடு படிப்புக்குக் கும்பிடு போட்டுவிட்டு, என்னை மாதிரி டெலிவரிப் பெட்டியோடு வெயிலில் அலைகிற மக்களே, உங்களுக்குப் புரியும்.

எங்கள் முதலாளிக்கு ராஜபாளையத்தில் ஒரு கடை, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கடை. இரண்டுக்கும் ஓடுகிறவள் நான்தான். வேலை போனால் அம்மா பேண்டேஜ் கம்பெனியில் உட்காரவைத்துவிடுவாள். எனக்கு ஒரே இடத்தில் உட்கார வராது. பள்ளிக்கூடத்தில் கேட்டால் சொல்வார்கள்.

எப்படிப் போனாலும் தேரடி

ஸ்ரீவில்லிபுத்தூரில் கோயிலைச் சுற்றியுள்ள சந்துகளில் ஆரம்பத்தில் தினமும் வழி தப்பினேன். ஒரு சந்தை விட்டால் அடுத்த சந்து அதே தெருவில் கொண்டுபோய் விடும். ஒருநாள் ஒரு அக்கா வீட்டின் பின்வாசலில் போய் நின்று, வழி தப்பிவிட்டது என்றேன். கேக்கை வாங்கிக்கொண்டே சிரித்தார். "இந்த ஊர்ல வழி தப்புறதுக்கும் ஒரு தெறமை வேணும்ட்டி. கண்ண மூடிட்டுப் போனாலும் தேரடிதான் வரும்."

சுவருக்கு அங்கிட்டு

ராஜபாளையத்துப் புது நகர்கள் வேறு ரகம். பருத்திக் காட்டை ஒருவர் பிளாட் போட்டார், பக்கத்துத் தோப்பை இன்னொருவர். ஆளுக்கொரு ஆர்ச், நடுவில் சுவர். மேப் நேராகப் போகச் சொன்னது. போனேன், சுவர். அந்தப் பக்க மாடியில் நின்று கஸ்டமர் கை ஆட்டுகிறார். மெயின் ரோட்டுக்குத் திரும்பி, ரயில்வே கேட்டில் நின்று, போய்ச் சேர்வதற்குள் க்ரீம் ரோஜாவெல்லாம் அட்டையில் ஒட்டிவிட்டது.

"ஒரு கதவாவது வைக்கக் கூடாதா சார்?" என்றேன். "அங்கிட்டு இருக்கவங்க வேற பிளாட்டு. அவங்களோட நமக்கென்ன சோலி?" என்று கேக்கைத் திருப்பி அனுப்பினார். முதலாளி பெட்டியைத் திறந்து பார்த்தார். "இன்னொண்ணு இப்படி வந்துச்சுன்னா, மறுநாள் நீ வர வேண்டாம்மா."

சீர்த்தட்டில் சாக்லேட் கேக்

அடுத்த வாரமே இன்னொரு நகர். உள்ளே போக ஒரே தெரு. அதை அடைத்துச் சடங்கு வீட்டுப் பந்தல். பழைய ஊருக்குள் என்றால் பக்கத்துச் சந்தில் நுழைந்துவிடலாம். இங்கே சந்தே கிடையாது. கஸ்டமர் வீடு பந்தலைத் தாண்டிக் கடைசி வீடு. ரேடியோ செட் சத்தத்தில் அவர் போனையும் எடுக்கவில்லை. ஸ்கூட்டியைப் போட்டுவிட்டு, கேக்கோடு பந்தலுக்குள் நுழைந்தேன்.

"ஏட்டி, சீரத் தூக்கிட்டு எங்க ஓடுத?" என்று ஒரு அத்தை வெடுக்கென்று பிடுங்கி, தாய்மாமன் சீர்த்தட்டு வரிசையில் வைத்துவிட்டார். போட்டோவும் எடுத்தாகிவிட்டது.

"அத்தை, இது சீர் இல்ல! சந்தோஷுன்னு ஒரு பையனுக்குப் பர்த்டே கேக்கு!"

"இருக்கட்டுமே. சீர் வரிசையில வச்சத எடுக்கக் கூடாதுட்டி."

வேலை போச்சு என்று நினைத்தேன். பந்தியிலிருந்து ஒருவர் எச்சில் கையைத் தூக்கினார். "சந்தோஷ் அப்பா நான்தாம்மா. கோயிலுக்குக் கிளம்புனோம், கார வெளிய எடுக்க முடியல. புடிச்சு எல போட்டு உக்கார வச்சுட்டாவ. கேக்கையும் இங்கயே வெட்டிருவோம், விடு."

ஆக, என் வேலையைக் காப்பாற்றியது இரண்டாவது தெருவுக்கு இடம் விடாமல் பிளாட் போட்ட யாரோ ஒருவரின் கஞ்சத்தனம்தான்.